யாத்மா அடித்த கோல்கள்

தல்லா: கழட்டு அதை.

யாத்மா: இரு இரு... எனக்குச் சரியா இருக்கான்னு பாரு. தோள்ல கொஞ்சம் இறுக்கம்...

தல்லா: கழட்டுடா முதல்ல! கொடியில காய்ஞ்சுட்டு இருந்ததை எதுக்கு எடுத்தே?

யாத்மா: பத்தாம் நம்பர். என் நம்பர்தானே?

தல்லா: உன் நம்பரா இருந்துச்சு. நீ ஏரோப்ளேன் ஏறின அன்னையிலிருந்து என் நம்பர். அக்கா! சூக்கே அக்கா! உங்க தம்பி பண்றதை வந்து பாருங்க!

சூக்கே: என்னடா சத்தம்... ஐயோ! யாத்மா! அதையா எடுத்துப் போட்டுட்டே? ஈரத்தோட?

யாத்மா: சட்டைதானேக்கா.

சூக்கே: சட்டைதானா! பெரியவர் ஓதிக் குடுத்த தண்ணில ராத்திரி பூரா ஊறினதுடா. டீம்ல இருக்கிற ஒவ்வொருத்தன் பேரையும் தனித்தனியாச் சொல்லி ஓதியிருக்கார். நாளைக்கு மைதானத்துல நின்னுதான் மேல போடணும். அதுவரைக்கும் வேற உடம்பு படக் கூடாது.

யாத்மா: பட்டா என்ன ஆகும்?

தல்லா: என் கால்ல நிக்க வேண்டிய பந்து உன் கால்ல நிக்கும். வேற என்ன ஆகும்? எப்பவும் நடக்குறதுதானே.

யாத்மா: இதெல்லாம் இன்னுமா... அங்கெல்லாம்...

தல்லா: ஆரம்பிச்சுட்டான்யா. "அங்கெல்லாம்!"

யாத்மா: அட, அங்கயும் இப்படித்தான்னு சொல்ல வந்தேன். பெல்ஜியத்துல எங்க கோல்கீப்பர் தோக்காத வரைக்கும் ஜட்டியைத் தோய்க்கவே மாட்டான்.

சூக்கே: சீ!

யாத்மா: அந்த வருஷம் நாங்க நிறைய ஜெயிச்சோம்க்கா. அதான் கஷ்டம்.

சூக்கே: சிரிக்க வைக்காதே. கழட்டிக் குடு. பாட்டில்ல இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்கு, மறுபடி நனைச்சுப் போடறேன். தல்லா, ஒண்ணும் ஆகாது. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே.

யாத்மா: நனைக்க வேணாம்க்கா. நாளைக்கு நான்தான் இதைப் போட்டுக்கப் போறேன்.

தல்லா: எதை?

யாத்மா: இதை. இறுதி ஆட்டத்துல. உன் இடத்துல நான் ஆடறேன். என்னடா முழிக்கிறே? கேப்டன் நீ. நீ சொன்னா முடிஞ்சது.

தல்லா: இந்த ந்ஜாய் வம்சத்துக்கு வெக்கம்னு ஒண்ணு படைக்கவே இல்ல. எவன் தட்டு நிறைஞ்சிருக்கோ அவன் பக்கத்துல போய் உக்காந்துடுவீங்க.

யாத்மா: பேசுறது யாரு? ஜோப்! உங்க பாட்டன் எங்க வீட்டு ஆட்டை மேய்ச்சுட்டு, எங்க வீட்டு உலக்கையைத் திருடிட்டுப் போனவன்டா.

தல்லா: உலக்கை எங்களுது. ஆடும் எங்களுது. மேய்ச்சது நீங்க.

சூக்கே: போச்சு. ந்ஜாயும் ஜோப்பும் ஒரு முற்றத்துல சேர்ந்தா வேற பேச்சே வராதா? திட்டிக்கங்க, திட்டிக்கங்க. கோபம் மட்டும் வரக் கூடாது, ஆமா. அதான் ரெண்டு வம்சத்துக்கும் பெரியவங்க வச்ச சட்டம்.

யாத்மா: யாருக்குக் கோபம்? நான் கேட்டதுக்குப் பதில் வரலையேக்கா. அஸர் தொழுகைக்கு முன்னாடி சங்கத்துல பேர் சொல்லணுமாமே.

தல்லா: சொல்லணும்.

யாத்மா: சொல்லிடு. பத்தாம் நம்பர், யாத்மா ந்ஜாய்.

தல்லா: சொல்லலாம். ஒரே ஒரு சிக்கல். ஊர்ச் சங்கத்துச் சட்டம் மறந்துட்டியா? வெளிநாட்டுக் கிளப் ஒப்பந்தத்துல இருக்கிறவன் நம்ம மழைக்காலப் போட்டியில காலே வைக்கக் கூடாது. வச்சா கோப்பை எதிராளிக்கு.

யாத்மா: அது... அதெல்லாம் பேசிக்கலாம்.

தல்லா: யார்கிட்ட? உன் கிளப்கிட்டயா?

யாத்மா: கிளப் ஒண்ணும் சொல்லாது.

தல்லா: எந்தக் கிளப்? இப்ப எங்க ஆடுறே நீ? நார்வேதானே?

யாத்மா: நார்வே போன தடவை. இப்ப... ஸ்பெயின்.

தல்லா: ஓ, ஸ்பெயின்! அக்கா, கேட்டீங்களா? ஸ்பெயின்!

சூக்கே: கேட்டேன் கேட்டேன். பிசாப் சர்பத் குடிக்கிறீங்களா ரெண்டு பேரும்? ஐஸ் போட்டிருக்கேன்.

தல்லா: குடுங்க. ஏன்டா யாத்மா, இது செப்டம்பர்தானே?

யாத்மா: ஆமா. அதுக்கென்ன?

தல்லா: இல்ல, செப்டம்பர்ல அங்க எல்லாரும் விழுந்து விழுந்து ஆடிட்டு இருப்பாங்க. நீ இங்க ருஃபிஸ்க்ல அக்கா வீட்டு முற்றத்துல உக்காந்து மீன் சோறு சாப்பிட்டுட்டு இருக்கே. அதான் கேட்டேன்.

யாத்மா: முட்டியில வலிடா. ஓய்வு எடுக்கச் சொல்லிட்டாங்க.

தல்லா: முட்டிக்கு ஓய்வு.

யாத்மா: ஆமா.

தல்லா: ஆனா நாளைக்கு இறுதி ஆட்டம் ஆடணும்.

சூக்கே: இந்தா, குடி. சக்கரை கம்மிதான். யாத்மா, நானும் கேக்கணும்னே இருந்தேன். முன்னெல்லாம் வந்தா வாடகை வண்டிக் கதவு மூடாது, அவ்வளவு பை. இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணு.

யாத்மா: நீயுமாக்கா?

சூக்கே: சும்மா கேட்டேன்டா. சும்மா.

யாத்மா: கோப்பை யார் பேர்லன்னு முதல்ல சொல்லு, தல்லா. சொல்லு.

தல்லா: மொம்மார் ந்ஜாய் நினைவுக் கோப்பை.

யாத்மா: மொம்மார் ந்ஜாய் யாரு?

தல்லா: குதிரை வண்டி ஓட்டினவர். இந்த டீமை ஆரம்பிச்சவர். எனக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் குடுத்தவர்.

யாத்மா: எனக்கு அப்பா. அதைச் சொல்ல மாட்டே. அவர் பேர்ல முதல் கோப்பை, அவர் பெத்த பையன் ஊர்ல இருக்கான், வேலியோரம் நின்னு வேடிக்கை பார்க்கணுமா? ஊர் என்ன பேசும்?

தல்லா: வெளிநாட்டு ஆட்டக்காரன், பெரிய மனசு, ஊர்ப் பசங்களுக்கு இடம் விட்டுட்டான்னு பேசும். உன்னைப் பத்தித் தப்பா பேச இந்த ஊருக்கு வாய் வராதே.

யாத்மா: உனக்குப் பொறாமைடா.

தல்லா: ஆமா.

யாத்மா: ஹா! கேட்டியாக்கா? ஜோப் வம்சம் மொத்தமும் பொறாமையில பொறந்து...

தல்லா: வம்சத்தை விடு. ஜோப்பா இல்ல, தல்லாவாச் சொல்றேன். எனக்கு உன் மேல பொறாமை. விளையாட்டுக்கு இல்ல.

சூக்கே: தல்லா, என்னடா இது...

தல்லா: இருங்கக்கா. இவ்வளவு வருஷமா நான் என்ன சொன்னாலும் இவன் சிரிச்சான். "ஜோப் அப்படித்தான் பேசுவான்"னு சிரிச்சான். வயிறு எரிஞ்சு சொன்னதுக்கும் சிரிச்சான். இன்னைக்கு அந்தக் கேலி உறவு வேணாம். பேரைச் சொல்லிப் பேசிக்கலாம்.

யாத்மா: சரி. பேசு.

தல்லா: அந்த வெள்ளைக்காரன் ஆள் எடுக்க வந்தானே, அன்னைக்கு மூணு கோல். ரெண்டு நான் அடிச்சேன். ஒண்ணு நீ.

யாத்மா: எனக்கும் தெரியும்.

தல்லா: அவன் கோலைப் பாக்கலை. உன் உயரத்தைப் பாத்தான். என்னை விட ஒரு சாண். அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் வாசக்கதவுல கோடு போட்டு நின்னு பாத்துட்டு இருந்தேன், வளருமான்னு. எனக்கு அப்பவே இருபது தாண்டியாச்சு.

யாத்மா: இதை நீ சொன்னதே இல்லையே.

தல்லா: அப்புறம் சலூன்காரன் உன் போட்டோவைக் கண்ணாடிக்கு மேல மாட்டினான். முடி வெட்ட உக்காந்தா கீழ என் மூஞ்சி, மேல உன் மூஞ்சி. வேற சலூனுக்குப் போனேன். அங்கயும் மாட்டிட்டாங்க. இப்ப வீட்டுலயே மொட்டை அடிச்சுக்கிறேன்.

சூக்கே: அதுக்கா மொட்டை? நான் ஏதோ வேண்டுதல்னு இல்ல நினைச்சேன்!

தல்லா: சிரிக்காதீங்கக்கா. என் பொண்டாட்டி மாசமா இருக்கும்போது கேட்டா, பையன் பொறந்தா யாத்மான்னு பேர் வைக்கலாமான்னு.

யாத்மா: வச்சியா?

தல்லா: பொண்ணு பொறந்துச்சு. அல்லா என் பக்கம் ஒரு தடவை பாத்தான்.

யாத்மா: ...சிரிப்பு வருதுடா, மன்னிச்சுக்கோ.

தல்லா: சிரி. நான் என்ன செய்ய?

யாத்மா: நான் ஒண்ணு சொன்னா நம்புவியா? எனக்கும் உன் மேல பொறாமை.

தல்லா: என் மேலயா! எதுக்கு? முட்டியளவு தண்ணி நிக்கிற இந்தத் தெருவுக்கா?

யாத்மா: நீ கோல் அடிச்சா என்ன நடக்கும்?

தல்லா: என்ன நடக்கும்... ஜனங்க உள்ள ஓடி வருவாங்க. நாலு பேர் மேல ஏறுவாங்க. எவனாவது செருப்பைத் தொலைச்சுட்டு என்னைத் திட்டுவான்.

யாத்மா: நான் நார்வேல கடைசியா அடிச்ச கோல். பனி கொட்டுது. பாக்க ஒரு ஆளு நாயைக் கூட்டிட்டு வந்திருந்தான். கோல் விழுந்ததும் நாய் குரைச்சுது. அவன் அதை அதட்டி உக்கார வச்சான். அவ்வளவுதான். அதான் எனக்குக் கிடைச்ச கைதட்டு.

தல்லா: பெல்ஜியத்துல உன் பேர்ல பாட்டே பாடினாங்கன்னியே.

யாத்மா: பாடினாங்க. பொய் இல்ல. ஒரு வருஷம் பாடினாங்க. பஸ்ல போனா டிக்கெட் கேக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் முட்டி போச்சு. ஆபரேஷன் முடிஞ்சு திரும்பி வந்தா அதே மெட்டு, அதே பாட்டு, பேர் மட்டும் வேற. ஒரு பிரேசில் பையன் பேர். நான் ஓரத்துல உக்காந்து கேட்டேன். சைப்ரஸ் போனேன், அங்க முதலாளி ஓடிப் போயிட்டான். அப்புறம் நார்வே.

தல்லா: இதையெல்லாம் போன்ல சொல்ல மாட்டியே. வெயில் கண்ணாடி போட்டு ஒரு போட்டோ அனுப்புவே.

யாத்மா: நீ அதைப் பாத்து எரிவேன்னு தெரியும். அதுக்காகவே அனுப்புவேன்.

தல்லா: அடப்பாவி!

யாத்மா: எனக்கு வேற யார்கிட்ட காட்டுறதுன்னு தெரியலடா. நீ எரிஞ்சாத்தான் நான் இன்னும் நல்லா இருக்கேன்னு எனக்கே தோணும்.

சூக்கே: ரெண்டு பேரும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சவங்க இல்ல.

யாத்மா: அதை விடுக்கா. நான் சொல்ல வந்த பொறாமை இது இல்ல. அப்பாவைக் குளிப்பாட்டினது யாரு?

தல்லா: பள்ளிவாசல் ஆளும்... நானும்.

யாத்மா: கபர்ல இறங்கினது?

தல்லா: நான்.

யாத்மா: அது என் இடம்டா. நீ நின்னியே, அது நான் நிக்க வேண்டிய இடம். உனக்குக் கண்ணாடிக்கு மேல என் மூஞ்சி. எனக்குக் கண்ணை மூடினா அந்தக் குழிக்குள்ள உன் மூஞ்சி. அப்பா தலையை உன் கை தாங்குது.

தல்லா: நீ வரலை. நாப்பதாம் நாளுக்கும் வரலை. கிளப் விடலைன்னே.

யாத்மா: ஆமா.

தல்லா: எந்தக் கிளப் விடலை? சொல்லுடா. அப்பா போனப்ப உன்னை விடாத கிளப் எது?

யாத்மா: அவரை நீ அப்பான்னு சொல்லாதே. எனக்குத் தாங்கலை.

தல்லா: சரி. மொம்மார் ந்ஜாய் போனப்ப உன்னை விடாத கிளப் எது?

சூக்கே: போதும் தல்லா. விடு அவனை.

யாத்மா: இல்லக்கா, கேக்கட்டும். கிளப் எதுவும் இல்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. நார்வேல ஒப்பந்தம் முடிஞ்சப்புறம் ஒருத்தனும் கூப்பிடல. ஸ்பெயின்ல மீன் கட்டிட்டு இருந்தேன்.

சூக்கே: மீனா?

யாத்மா: துறைமுகத்துக் குளிர் அறையில. பெட்டியில ஐஸ் போட்டு அடுக்கணும். கையில தோலே இருக்காது.

சூக்கே: யா அல்லா... கரையில மீன் காயுற நாத்தம் ஆகாதுன்னு மூக்கைப் பொத்திட்டு சந்து சந்தாச் சுத்திப் போவியேடா நீ...

யாத்மா: தங்குற அனுமதி வேற முடிஞ்சு போச்சு. கிளம்பி வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க. அப்பா மௌத்துன்னு நீ போன்ல அழுதியேக்கா, நான் அப்ப ஐஸ் மூட்டை மேல உக்காந்திருந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியாம கிளப்னு சொல்லிட்டேன். இப்ப திரும்பப் போறதுக்கு ஒண்ணும் இல்லன்னு ஆனப்புறம்தான் வந்தேன்.

சூக்கே: வந்தியே, அது போதும். கண்ணைத் துடை. இந்தா.

தல்லா: எனக்குத் தெரியும்.

யாத்மா: என்ன தெரியும்?

தல்லா: கிளப் இல்லன்னு. ரெண்டு வருஷமாத் தெரியும். போன்ல தேடித் தேடிப் பாத்தேன். உன் பேர் எந்த டீம்லயும் வரலை. முதல்ல சந்தோஷமா இருந்துச்சு.

யாத்மா: தெரிஞ்சேவா இவ்வளவு நேரம் கிளறினே?

தல்லா: உன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு.

யாத்மா: கேட்டாச்சா? வயிறு குளிர்ந்துச்சா?

தல்லா: குளிரும்னுதான் நினைச்சேன்... இல்லடா. ஒண்ணும் ஆகலை.

சூக்கே: ஆனா ஒண்ணு எனக்குப் புரியலை. கிளப்பே இல்லன்னா, அப்பா ஞாயித்துக்கிழமை காலைல எதுக்குக் கை தட்டுவார்?

யாத்மா: என்னக்கா?

சூக்கே: கடைசி ரெண்டு வருஷமும்டா. கண்ணு சுத்தமாப் போனப்புறம். வெளியில பாய்ல உக்காந்து தட்டுவார். அடுப்படி வரைக்கும் கேக்கும். "என்னப்பா"ன்னா, "உன் தம்பி நேத்து அடிச்சிருக்கான்"ம்பார்.

யாத்மா: என்கிட்டயும் சொல்வார்க்கா. அதைத்தான் நான் யாருக்கும் சொல்லலை. பெட்டி அடுக்கிட்டு வந்து படுத்திருப்பேன், போன் வரும். "நேத்து அடிச்சியே, அந்த மழையில, இடது காலால. கோல்கீப்பர் சேத்துல உக்காந்துட்டானாமே"ன்னு சிரிப்பார். எனக்கு இடது கால் பஸ்ல ஏற மட்டும்தான். நான் அடிச்ச மொத்தக் கோல்ல ஒண்ணு கூட இடது கால் கிடையாது.

சூக்கே: நீ என்ன சொன்னே?

யாத்மா: "ஆமாப்பா"ன்னு சொன்னேன். கண்ணு போன மாதிரி நினைப்பும் போகுது, ஏதோ கனவைச் சொல்றார்னு நினைச்சேன். ஒரு தடவை கூட "இல்ல"ன்னு சொல்ல முடியலை. அவர் அவ்வளவு சிரிப்பார்.

சூக்கே: கனவு இல்லடா. தினம் காலைல தெளிவா பேசினார், கடைசி வரைக்கும்.

யாத்மா: அப்ப என்னது?

தல்லா: அக்கா, நேரம் ஆகுது. நான் சங்கத்துக்குப் போகணும்.

யாத்மா: போறதுக்கு முன்னாடி பதில் சொல்லிட்டுப் போ. இப்ப சட்டம் தடுக்கலை. எனக்குக் கிளப் இல்லன்னு நானே அங்க வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். ஊர் சிரிக்கட்டும், சலூன்ல போட்டோவைக் கழட்டட்டும். எனக்கு நாளைக்கு ஒரு ஆட்டம் வேணும், தல்லா. அரை ஆட்டம் குடு. கால் ஆட்டம்.

தல்லா: பதினொண்ணாம் நம்பர் பையன் இடத்துல வேணா ஆடு. அவன்கிட்ட நான் பேசறேன்.

யாத்மா: அவன் ஓரத்துல ஓடுறவன். அங்க நின்னா கோல் எப்படி விழும்? எனக்கு நடுவுல வேணும். உன் இடம் வேணும். இதுவரைக்கும் உன்கிட்ட நான் எதையும் கேட்டதில்ல.

தல்லா: கேட்டதில்ல. கேக்காமலே கிடைச்சுது.

யாத்மா: கால்ல விழணுமா? சொல்லு, விழறேன்.

சூக்கே: யாத்மா, எந்திரி! தல்லா, அவன்தான் இவ்வளவு கேக்குறானே... ஒரு நாள்தானேடா.

யாத்மா: ஒரே ஒரு கோல்டா. அப்பா என்னைப் பத்திச் சந்தோஷப்பட்டது எதுவும் நிஜம் இல்ல. எல்லாம் காத்து. அதுல ஒண்ணாவது நிஜமாகட்டும், அவர் பேர் போட்ட கோப்பையில. இதைக் கூட உன்னால குடுக்க முடியாதா?

தல்லா: எல்லாம் நிஜமா விழுந்த கோல்தான், யாத்மா. உன் ஆட்டம் டிவில வராம நின்னதும் ஞாயித்துக்கிழமை தவறாம அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சு, "என் பையன் நேத்து என்ன பண்ணினான்"னு கேப்பார். உனக்குக் கிளப்பே இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. இல்லாததைக் கட்டிச் சொல்லவும் தெரியலை. அதனால நான் அடிச்சதைச் சொன்னேன். மழை நம்ம மழை, சேறு பள்ளிக்கூட மைதானத்துச் சேறு, இடது கால் என் கால். ஒவ்வொண்ணுக்கும் அவர் உன் பேரைச் சொல்லிக் கை தட்டினார். நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தேன்... ரெண்டு வருஷமா நான் அடிச்சதெல்லாம் உனக்குத்தான்டா போச்சு. நாளைக்கு மட்டும் தர மாட்டேன். அவர் பேர்ல நடக்குற ஆட்டத்துல, ஒரு தடவை, தல்லா அடிச்சான்னு மைக்ல சொல்லட்டும்.